தேரிக்காட்டுக்கு வேனில் போகிறவர்களுக்கு: மணல், காற்று, தண்ணி

பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி, இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ராஜஸ்தான் எப்போ?" போகலாம். ஆனால் பாளையங்கோட்டையில் வண்டியை எடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் செக்கச் செவேல் என்ற மணல்மேட்டுக்கு நடுவே நிற்க முடியும் என்பதை நம்ம ஊர்க்காரர்களே பலர் கணக்கில் வைப்பதில்லை. திருச்செந்தூருக்குப் பத்து தடவை போனவர்கள்கூட ரோட்டுக்குத் தெற்கே என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேரிக்காடு பற்றிப் படித்தது, மூன்று முறை வேனில் போய்ச் சுற்றியதில் பார்த்தது இரண்டையும் சேர்த்து எழுதிய குறிப்பு இது. பயணக் குறிப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் பாலைவனப் பயணத்தில் முதல் கேள்வியான 'எவ்வளவு தண்ணி எடுத்துப் போகணும்' என்பதற்குத் தேரியில் கிடைக்கும் பதில் கொஞ்சம் விசித்திரமானது. அதனால் கட்டுரையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கே இருக்கிறது

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை தாமிரபரணியின் தென்கரையை ஒட்டியே போகிறது. செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று வழி முழுக்க வயலும் வாழையும்தான். பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில். அங்கிருந்து பிரியும் தென்கால்தான் கடம்பாகுளம் உட்பட இந்தப் பக்கத்துக் குளங்களை நிரப்புகிறது.

குரும்பூரில் வலது பக்கம் திரும்பி நாலுமாவடி வழியாகத் தெற்கே போங்கள். சில கிலோமீட்டரில் வாழை முடியும், பனை ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச தூரத்தில் தரை சிவக்கும். அதுதான் குதிரைமொழித் தேரி. காயாமொழி, உடன்குடி, மெய்ஞ்ஞானபுரம், சாத்தான்குளம் என்று இந்த வட்டாரம் முழுவதும் பெரிதும் சிறிதுமாகத் தேரிகள் கிடக்கின்றன. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். பேச்சும் பழக்கமும் இன்றைக்கும் அப்படியேதான்.

'தேரி' என்றால் மணல்மேடு. சில மேடுகள் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரம்வரை போகும். தேரிக்குடியிருப்பு மாதிரி ஊர்ப் பெயரிலேயே தேரி ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

மழை பெய்கிற பாலைவனம்

புவியியல் புத்தகத்தில் பாலைவனம் என்றால் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்கிற நிலம். ஜெய்சல்மேரில் 200-ஐத் தொடுவதே கஷ்டம். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு சராசரியோ 650 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. தமிழ்நாட்டுச் சராசரியோடு பார்த்தால் குறைவு. ஆனால் இந்தக் கணக்குப்படி தேரி பாலைவனமே கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அதாவது ஒரு வருடத்து மழையை விட அதிகமான மழை, தேரிக்குப் பக்கத்து ஊரில் ஒரே நாளில். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டதை அன்று நாடே டிவியில் பார்த்தது.

அப்படியென்றால் இந்த இடம் ஏன் பாலைவனம் மாதிரி இருக்கிறது? காரணம் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. பெய்கிற மழை மேலே ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. பக்கத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் ஒரு மழை பெய்தால் ரோடெல்லாம் சேறு, பள்ளமெல்லாம் தண்ணீர். தேரியில் அதே மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் செருப்பில் மண் ஒட்டாமல் நடக்கலாம். தண்ணீர் கீழே போய்விடுகிறது. மேல் மண்ணை நம்பி வாழும் புல்லுக்கும் பயிருக்கும் அது எட்டாது. பனை மாதிரி வேரை ஆழமாக விடுகிற மரத்துக்குத்தான் எட்டும். மழை வரும், ஆனால் மேலே தங்காது. தேரியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

மணல் எங்கிருந்து வந்தது

கொண்டுவந்தது காற்று. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைகிறது. செங்கோட்டைப் பக்கம் நுழைகிற காற்று குற்றாலத்தில் சாரலாக இறங்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நுழைவதுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறது. மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டுபோன இந்தக் காற்று கிழக்கே சமவெளி முழுக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடலை நோக்கி ஓடுகிறது. அந்தக் காலத்தில் பயிர் நிற்காத செம்மண் நிலத்திலிருந்து மணலை உருட்டிக்கொண்டு போய்க் கடற்கரைக்கு முன்னால் குவிக்கும்.

ஆனால் இன்றைய காற்று மட்டும் இவ்வளவு மணலைக் குவித்திருக்காது. கடைசிப் பனியுகத்தில் உலகெங்கும் கடல் மட்டம் இப்போதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகள் அப்போது வெளியே தெரிந்த மணல்வெளி. உள்நாட்டுச் செம்மண் எவ்வளவு, அந்தக் கடலடி மணல் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. காற்று குவித்தது, பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்தது என்பதில் பெரிய சண்டை இல்லை.

இந்த மேடுகளில் மனிதர்களும் இருந்திருக்கிறார்கள். தேரி மணலில் கிடைக்கும் சின்னச் சின்னக் கல் கருவிகளை ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் சேகரித்தார். 1956-ல் சோய்னர், ஆல்ச்சின் இருவரும் திருநெல்வேலி மாவட்டத்து நுண்கற்கருவி இடங்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதற்குப் பிறகு தொல்லியலில் 'தேரிப் பண்பாடு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நகத்தளவு கல்லைக் கூராக உடைத்து அம்பு முனையாக வைத்து வேட்டையாடியவர்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் வேட்டைக்காரனும் தங்க மாட்டான், விலங்கும் தங்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு நிறத்துக்குக் காரணம் இரும்பு. மணி என்னவோ சாதாரணப் படிகக் கல்தான். மேலே இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்தால் உள்ளங்கை சிவக்கும். அரை மணி நேரத்தில் மணப்பாடு போய்க் கடற்கரை மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது வெளுப்பாக இருக்கும். அந்த மணல் புதுசு, பூச்சு ஏற இன்னும் காலம் ஆகவில்லை. நடுவே கறுப்பாகக் கோடு கோடாகத் தெரிவது இல்மனைட் போன்ற கன தாதுக்கள். வலுவான காந்தம் இருந்தால் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

மணலில் வேன்

காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்குவதற்கும் இரவு தங்குவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். மணல் பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஊருக்கும் கோயிலுக்கும் போகும் வண்டிப்பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலேயே போதுமான பாடம் இருக்கிறது.

வண்டி ஏன் புதைகிறது? சின்னக் கணக்குத்தான். மூன்று டன் வேன், நான்கு டயர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு 750 கிலோ. டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அந்த எடையைத் தரையில் தாங்குவது சுமார் 33 சதுர அங்குலம். நம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. தார் ரோட்டில் இது போதும். மணலில் அந்த இடம் கத்தி மாதிரி இறங்கும். காற்றை 25-க்கு இறக்கினால் டயர் தட்டையாகி 66 சதுர அங்குலம் தரையில் படும். எடை மாறவில்லை, பரப்பு இரட்டிப்பு. ஒட்டகத்துக்கு இயற்கை கொடுத்த அகலப் பாதத்தை நாம் காற்றை இறக்கி உண்டாக்குகிறோம். தார் பாலைவனத்திலும் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் செய்வதும் இதையேதான்.

திரும்பத் தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆகணும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வண்டியில் இருப்பது நல்லது.

இன்னும் மூன்று விஷயம். விடியற்காலையில் பனி ஈரத்தில் மணல் இறுகி இருக்கும், மதியம் அதே பாதை பொலபொலவென்று ஆகிவிடும். நடுவழியில் பிரேக் போட்டு நிற்காதீர்கள். நிற்கணும் என்றால் சரிவில் முகம் கீழே பார்க்க நிறுத்துங்கள். சக்கரம் சுழன்று நகரவில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது குழி தோண்டுகிற வேலை.

போன மாசியில் ஒரு கார் அப்படி அச்சுவரை இறங்கி நின்றதைப் பார்த்தோம். வந்தவர்கள் திருச்செந்தூருக்கு வந்த வெளியூர்க்காரர்கள். பனையேறி ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "மிதிக்காதிய, மிதிக்காதிய! மிதிச்சா கீழதான் போவும்" என்றார். காய்ந்த ஓலையும் மட்டையும் இழுத்து வந்து டயருக்கு முன்னால் அடுக்கினார். நாலு பேர் தள்ள, கார் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் கருப்பட்டி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளுக்கும் இப்படித்தான் ஓலை போடுவார்களாம்.

கீழே கிடக்கும் தண்ணி

அவரிடம் அன்றைக்குப் பதநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, "இந்த மணல்ல பனை மட்டும் எப்படி அண்ணாச்சி நிக்குது?" என்று கேட்டேன். "மேலதான் சுடுது. ரெண்டு மொழம் தோண்டிப் பாருங்க, ஈரம் இருக்கும்" என்றார். தோண்டிப் பார்த்தோம். இரண்டு முழம்கூடத் தேவைப்படவில்லை. முழங்கை ஆழத்திலேயே மணல் குளிர்ந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. மாசி மாதம், மழை நின்று ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

இதற்கு விளக்கம் இருக்கிறது. களிமண்ணில் துளைகள் மிக நுண்ணியவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி கீழே இருக்கும் ஈரம் அதன் வழியே மேலே ஏறி ஆவியாகிக்கொண்டே இருக்கும். மணலில் துளைகள் பெரிசு, திரி வேலை செய்யாது. மேல் அடுக்கு காய்ந்ததும் அதுவே கீழ் ஈரத்துக்கு மூடி ஆகிவிடுகிறது. ஆக, எது தேரியை வறண்டதாகக் காட்டுகிறதோ அந்தக் காய்ந்த மணல்தான் தண்ணீரைக் காவல் காக்கிறது.

இறங்கிய மழை மேட்டுக்கு அடியில் தேங்கி, மெல்ல நகர்ந்து, தாழ்ந்த இடத்தில் வெளியே வருகிறது. வேனில் போகிறவர்கள் இதை மூன்று இடங்களில் கண்ணால் பார்க்கலாம்.

ஒன்று, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பெயரிலேயே சுனை இருக்கிறது. செம்மணலுக்கு நடுவே தண்ணீரும் மரநிழலும். அய்யனார் எதைக் காத்தார் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, சாத்தான்குளம் பக்கத்துத் தருவைகள். மணல்மேடு வழி மறித்ததால் தண்ணீர் தேங்கி உண்டான அகலமான, ஆழமில்லாத நீர்நிலைகளைத் 'தருவை' என்பார்கள். வைரவன்தருவை, புத்தன்தருவை என்று பெயர்கள் உண்டு. நல்ல மழை வருடத்தில் பறவைகள் வந்து இறங்கும். காய்ந்த வருடத்தில் ஆடு மேயும்.

மூன்றாவது, எல்லோரும் பார்த்ததுதான்: திருச்செந்தூர் நாழிக்கிணறு. கடலில் குளித்துவிட்டு, கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீரில் குளிக்கிறோம். முருகன் வேலால் உண்டாக்கியது என்பது தல வரலாறு. நீரியல் பக்கத்திலிருந்து பார்த்தால், உள்நாட்டு மணலில் இறங்கிய மழைநீர் மண்ணுக்கடியில் கடலை நோக்கி நகர்ந்து வந்து, உப்புநீரை அந்தப் பக்கமே தள்ளி நிறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு மீட்டருக்கு நாற்பது மீட்டர்

தேரியைக் குறித்து ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இந்த இடத்தில்தான் வருகிறது.

கடல்நீர் நல்ல நீரை விடக் கொஞ்சம் கனம். நல்ல நீர் 1,000 என்றால் கடல்நீர் 1,025. கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. பனிக்கட்டி மாதிரி, மேலே கொஞ்சம், கீழே நிறைய. இந்த எடை வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், நிலத்தடி நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் அதற்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும், 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்த விதி இது. இருவருமே கடலோர மணல்மேட்டுத் தண்ணீரைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்கள்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து, மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் உப்பு அடியிலிருந்து நாற்பது மீட்டர் ஏறி வர இடம் கிடைக்கிறது. ஒரே நாளில் ஏறாது, வருடக் கணக்கில் ஏறும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. உடன்குடி சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் உவராகிவிட்டன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதைத்தான். கடலைத் தடுத்து நிறுத்த அங்கே சுவர் எதுவும் கட்டவில்லை. தேரிக்கு அடியில் இருக்கும் தண்ணீரின் எடைதான் சுவர்.

தாமிரபரணிக்கும் தேரிக்கும் இருக்கும் உறவும் இங்கேதான் தெரிகிறது. ஆற்றின் வெள்ள நீரைச் சடையனேரி கால்வாய் வழியாக இந்தப் பக்கத்துக் குளங்களுக்கும் தருவைகளுக்கும் கொண்டுவரும் ஏற்பாடு இருக்கிறது. வெள்ளம் வந்தால்தான் அதில் தண்ணீர். இன்னொன்று, 2009-ல் பணி தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளாங்குழி அருகே பிரிந்து சுமார் 75 கிலோமீட்டர் ஓடுகிறது. கடலுக்குப் போகும் வெள்ளத்தில் 2,765 மில்லியன் கன அடியைத் திருப்புவது திட்டம். முடிக்கப் பத்து வருடத்துக்கும் மேல் ஆனது. ஆரம்பத்தில் போட்ட 369 கோடி ரூபாய் கணக்கு ஆயிரம் கோடியைத் தாண்டியது. இந்தக் கால்வாய் எங்கே போய் முடிகிறது தெரியுமா? சாத்தான்குளம் பக்கம், எம்.எல். தேரியில்.

மலையில் பெய்த மழையைக் கொண்டுபோய் மணலில் விடுவதா என்று கேட்கலாம். பரந்த குளத்தில் ஆறு மாதம் வெயிலில் காயும் தண்ணீரை விட, மணலுக்குள் இறங்கிய தண்ணீர் நம் கணக்கில் பத்திரமாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கும் அது, உப்பைத் தள்ளி நிறுத்தும் எடையும் அதுவே.

'சும்மா கிடக்கிற' நிலம்

தேரிக்கு எப்போதுமே ஒரு கெட்ட பெயர்: சும்மா கிடக்கிற நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் பிரச்சினை வேறு. மணல் நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடியது. 1917-ல் வெளிவந்த ஹெச்.ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி கெசட்டியரில் தேரிகளுக்கு இடம் உண்டு. பனையும் உடைமரமும் முந்திரியும் வைத்துத்தான் மணலைக் கட்டினார்கள். இன்று நீங்கள் போய்ப் பார்த்தால் படத்தில் வரும் சஹாரா மாதிரி வெறும் அலையாக இல்லாமல் குடை பிடித்த மாதிரி உடைமரங்கள் நிற்பது அதனால்தான். மெய்ஞ்ஞானபுரத்தில் 190 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஜான் தாமஸ் ஐயர் கிணறு வெட்டி மணற்காட்டைத் தோப்பாக்கினார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கிணறு வெட்டினால் தண்ணீர் இருந்தது என்பதுதான் அதில் நமக்கு முக்கியம்.

பிறகு மணலே சரக்கானது. சாத்தான்குளம் பகுதித் தேரி மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் டாடா நிறுவனத்தின் திட்டம் 2007-ல் பெரிய விவாதமானது. ஊர்க்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு நடக்கவில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். நியாயமான காரணம். நான் எதையும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 'அங்கே ஒண்ணுமில்லை, வெறும் மணல்' என்ற வார்த்தையோடு பேச்சு ஆரம்பிக்கிறது. வயலில் ஒரு ஏக்கர் போனால் எத்தனை மூட்டை நெல் போச்சு என்று கணக்குப் போடத் தெரிந்த நமக்கு, தேரியில் ஒரு ஏக்கர் போனால் எவ்வளவு மழை இறங்காமல் போகும் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. கான்கிரீட் போட்ட ஏக்கரில் மழை ஓடும். சுரங்கம் தோண்டிய ஏக்கரில் தண்ணீர் வெயிலில் கிடந்து காயும்.

போகிறவர்களுக்கு

மார்கழி கடைசியிலிருந்து மாசிவரை நல்ல காலம். மாசியில் போனால் பதநீரும் ஆரம்பித்திருக்கும். ஆனி, ஆடியில் வேன் கதவைத் திறந்தால் கட்டில்வரை மணல். கார்த்திகைக் கடைசியில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா. கள்ளருக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அது சிந்திய செம்மணலை ஜனங்கள் அள்ளி முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கூட்டம் தாங்குகிறவர்கள் போகலாம். பங்குனி உத்திரத்தில் பார்த்தால் இந்தப் பக்கத்துச் சாஸ்தா கோயில் எல்லாவற்றிலும் குலதெய்வம் கும்பிட வந்த வேன்கள்தான். அடுப்பு, அரிசி, பாய், தண்ணீர்க் கேன் எல்லாம் ஏற்றி, மரத்தடியில் பொங்கி, வேனிலேயே தூங்குகிறவர்கள். 'கேம்பர் வேன்' என்று பெயர் வைக்காமலே நம்ம ஜனங்கள் ரொம்ப காலமாகச் செய்கிற காரியம். எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று அவர்களைக் கேட்டாலே போதும்.

இரவு தங்க, கோயில் வளாகத்துக்கு வெளியே பூசாரியிடமோ கடைக்காரரிடமோ சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மணப்பாடு, திருச்செந்தூரில் காசு கொடுத்து நிறுத்தும் இடங்கள் உண்டு.

தண்ணீர்க் கணக்கு: குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், சமைக்கக் கழுவ அதுக்கு மேல் ஆறு. நாலு பேர், இரண்டு நாள் என்றால் எண்பது லிட்டர். நாங்கள் நூறு லிட்டர் நிரப்பிக்கொண்டு போகிறோம், வழியில் ஊர்க் குழாயில் பிடிப்பதில்லை. அந்தக் குழாயில் வருவதும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வந்த தாமிரபரணித் தண்ணீர்தான். பாளையங்கோட்டையில் நமக்குத் தினமும் வருகிறது, அவர்களுக்கு முறை வைத்து வருகிறது.

கடைசியாகக் கழிவு நீர். இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைத்தேன். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை மணலில் திறந்துவிட்டால் ஐந்து நொடியில் மாயமாகிவிடும். சுத்தமான மாதிரித் தெரியும். ஆனால் எந்த வேகத்தில் மழை கீழே போய்க் கிணற்றில் சேர்கிறதோ அதே வேகத்தில் இதுவும் போய்ச் சேரும். வடிகட்டக் களிமண் கிடையாது. கழிவறைப் பெட்டியில் ஊற்றும் மருந்தும் அப்படித்தான். தொட்டிக்குக் கீழே ஒரு கேனைக் கட்டி எல்லாவற்றையும் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். எண்பது லிட்டர் போகும்போதும் கனம், வரும்போதும் கிட்டத்தட்ட அதே கனம் என்று வண்டி ஓட்டுகிறவர் சலித்துக்கொள்வார். பரவாயில்லை.

அடுத்த குறிப்புக்காகக் குரும்பூரிலிருந்து உடன்குடிவரை பழைய கிணறுகளின் ஆழத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். தாத்தா காலத்தில் எத்தனை உறை இறக்கினார்கள், இப்போது எத்தனை அடியில் தண்ணீர், எந்த வருடம் முதல் உப்புக் கரித்தது என்ற மூன்று கேள்விதான். இதுவரை பதினோரு கிணறு சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்; உறைக் கணக்கு நினைவில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.